காற்றாலைத் திட்டத்தில் யார் கை ஓங்கியிருக்கிறது என்று கண்டறிவது எப்படி: இராமநாதபுரக் கரையினருக்கு ஒரு வழிகாட்டி

இராமநாதபுரக் கரையில் காற்றுக்குக் குறைவில்லை. பாம்பன் பழைய பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவந்தார்கள் என்பது தங்கச்சிமடத்துப் பிள்ளைகளுக்கும் தெரிந்த செய்தி. ஆனால் காற்றாலை வருவதும் வராததும் காற்றின் கையில் மட்டும் இல்லை. டெல்லியிலும் சென்னையிலும், சில வேளைகளில் கொழும்பிலும் இடப்படும் கையெழுத்துகளிலும் இருக்கிறது. ஆகவே ஒரு திட்டம் குறித்த பேச்சு ஊருக்கு வந்தவுடன், ஆதரவா எதிர்ப்பா என்று முடிவெடுப்பதற்கு முன், அந்தக் கையெழுத்துகள் யாருடையவை என்று தேடுவதே முதல் வேலை.

முதலில் இடத்தை உறுதி செய்துகொள்ள வேண்டும். தரையில் என்றால் நிலமும் பட்டாவும் மாநில அரசின் பொறுப்பு. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் காற்றாலைகள் சேர்க்கப்படாததால், அனல் மின்நிலையத்துக்கு நடப்பது போன்ற பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தானாகவே நடக்கும் என்று காத்திருந்தால் ஏமாற்றமே மிஞ்சும். கடலில் என்றால் கணக்கு வேறு. கடற்படுகையைக் குத்தகைக்கு விடுவது ஒன்றிய அரசு. அதற்கான விதிகள் 2023இல் வந்தன. 12 கடல்மைல் வரை மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்துவது மாநில அரசு. கரையை ஒட்டிய நிலத்துக்குக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை பொருந்தும். தென்கடல் என்றால் இவற்றோடு 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவும் வனத்துறையும் சேர்ந்துகொள்ளும். உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம் இருப்பதாலும், தனுஷ்கோடிக்கு அப்பால் சர்வதேச எல்லைக் கோடு மிக அருகில் ஓடுவதாலும், பாதுகாப்பு, உள்துறை, வெளியுறவு அமைச்சகங்களின் இசைவு இங்கே வெறும் சடங்காக இருக்க முடியாது.

அடுத்து, கூட்டணியைப் பார்த்துக் கணக்குப் போடும் பழக்கத்தைச் சற்றுத் தள்ளி வைக்க வேண்டும். தேநீர்க் கடையில், “நம் கட்சி டெல்லி ஆட்சியில் இருக்கிறது, திட்டம் வந்துவிடும்” என்று பேசுவது எளிது. பழைய வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 2012 ஏப்ரலில் காற்றாலைகளுக்கான விரைவுத் தேய்மான வரிச்சலுகை (முதலீட்டின் பெரும்பகுதியைத் தொடக்கத்திலேயே வரிக்குரிய வருமானத்தில் கழித்துக்கொள்ளும் சலுகை) நிறுத்தப்பட்டபோது, நாட்டிலேயே அதிகக் காற்றாலைகளைக் கொண்டிருந்த மாநிலம் தமிழ்நாடு. தமிழ்நாட்டுக் கட்சியான தி.மு.க. அப்போது ஒன்றிய ஆட்சியில் பங்கு வகித்தது. புதுப்பிக்கத்தக்க எரிசக்தித் துறையும் மற்றொரு கூட்டணிக் கட்சியின் தலைவரான ஃபரூக் அப்துல்லாவிடம் இருந்தது. சலுகை நின்றது நின்றதுதான். அந்த நிதியாண்டிலேயே நாட்டில் புதிதாக நிறுவப்பட்ட காற்றாலைத் திறன் ஏறத்தாழ பாதியாகச் சரிந்தது. வரிச்சலுகையின் சாவி நிதியமைச்சகத்தில் இருந்தது என்பதே அதன் பொருள். 2014இல் அச்சலுகை மீண்டும் வந்தது, 2017 ஏப்ரலில் 40 சதவீதமாகக் குறைந்தது. இதற்கு நேர்மாறாக, டெல்லியும் சென்னையும் எதிரெதிர் அணிகளில் இருந்த 2024 ஜூனில், கடல் காற்றாலைகளுக்காக ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 7,453 கோடி ரூபாய்த் திட்டத்தில் குஜராத்துக்கு 500 மெகாவாட், தமிழ்நாட்டுக்கு 500 மெகாவாட் என்று சமமாகவே வைக்கப்பட்டது.

அப்படியானால் அரசியல் செல்வாக்கு எங்கே வெளிப்படுகிறது? விலை எப்படி முடிவாயிற்று என்ற கேள்வியில். 2017 பிப்ரவரியில் நடந்த முதல் காற்றாலை ஏலத்தில் ஒரு யூனிட் 3 ரூபாய் 46 காசுக்கு வந்தது. ஏலத்தில் வந்த விலையை யாரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பேசி முடித்த விலையை அப்படிப் பார்க்க இயலாது. நமக்கு எதிர்க்கரையான மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்றாலைக்கு ஓர் இந்திய நிறுவனத்துக்கு 2023இல் இலங்கை அளித்த ஒப்புதல் பொது ஏலத்தின் வழியே வந்ததன்று. யூனிட்டுக்கு 8.26 அமெரிக்க சென்ட் என்ற விலை சர்ச்சைக்குள்ளானது, பறவைகளின் வலசைப் பாதை குறித்து வழக்குகள் வந்தன, 2024 செப்டம்பரில் ஆட்சி மாறியது, விலையை மறுபரிசீலனை செய்தார்கள், 2025 பிப்ரவரியில் நிறுவனமே விலகிக்கொண்டது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் 2021இல் ஒரு சீன நிறுவனத்துக்குக் கிடைத்த மின்திட்டம், இந்தியாவின் ஆட்சேபத்துக்குப் பின் 2022இல் இந்திய மானியத்துக்கு மாறியதும் நம் கண்ணெதிரே நடந்ததுதான். அரசுகளின் நட்பால் வந்த திட்டம் அந்த நட்பின் ஆயுளையே தன் ஆயுளாகக் கொண்டிருக்கும் என்பது என் கணிப்பு. ஆகையால் நிலத்தையோ மீன்பிடிக்கும் இடத்தையோ அத்தகைய திட்டத்தை நம்பிக் கைமாற்றுபவர்கள், திட்டம் கைவிடப்பட்டால் நிலம் எப்படித் திரும்பும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

இனி, தாள்களைக் கேட்டு வாங்கும் வேலை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் மனு அனுப்பினால் 30 நாளில் பதில் வர வேண்டும். “திட்டத்தின் விவரம் தருக” என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதிலே வரும். ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு, குத்தகைப் பகுதியின் எல்லை ஆயக்கூறுகள் (அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகள்), மீன்வளத் துறை அளித்த கருத்து, மின்சாரச் சட்டம் 2003இன் 108ஆம் பிரிவின்படி மாநில அரசு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு எழுத்துமூலம் ஏதேனும் வழிகாட்டல் அளித்திருந்தால் அதன் நகல் என்று தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கடைசியாகச் சொன்னது பலரும் கேட்க மறப்பது. அரசின் விருப்பம் கட்டணத்தில் எப்படி நுழைகிறது என்பது அதில்தான் தெரியும். கடல் காற்றாலை குறித்த அளவீட்டுத் தகவல்களுக்குச் சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் காற்றாற்றல் நிறுவனத்துக்கு எழுத வேண்டும்.

ஆயக்கூறுகள் கைக்கு வந்ததும் அவற்றைப் படகில் உள்ள ஜிபிஎஸ் கருவியில் ஏற்றி, கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் எந்த வலை எங்கே விழுகிறது, வாடைக் காலத்தில் எங்கே விழுகிறது என்று நாட்டுப்படகுக்காரர்களும் விசைப்படகுக்காரர்களும் சேர்ந்து ஒரே படத்தில் குறிக்க வேண்டும். இவ்விரு தரப்பும் தனித்தனிப் படம் கொடுத்தால், அந்த முரணையே அதிகாரிகள் முதலில் பிடித்துக்கொள்வார்கள். அந்தப் படத்தை இணைத்து கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி, அதன் நகலை ஆட்சியர் அலுவலகத்தின் திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்து, மனு எண்ணைத் தவறாமல் வாங்கிக்கொள்ள வேண்டும்.