பழைய மியாட்டாவோடு முதல் ஆட்டோகிராஸுக்குப் போகிறீர்களா?

அமெரிக்காவில் பழைய மாஸ்டா மியாட்டா (கூரையைத் திறக்கக்கூடிய இரண்டு சீட் சின்னக் கார்) வாங்கியவர்களில் பலர் என்றைக்காவது ஆட்டோகிராஸ் பக்கம் வந்து நிற்பார்கள். காலியான பெரிய பார்க்கிங் இடம், ஆரஞ்சுக் கூம்புகளை வைத்து வளைத்து வளைத்துப் போட்ட பாதை, ஒரு நேரத்தில் ஒரு கார், எதிராளி கடிகாரம் மட்டும்தான். ஒரு ஓட்டம் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அமெரிக்காவின் ஸ்போர்ட்ஸ் கார் கிளப்பான எஸ்.சி.சி.ஏ-வின் விதிப்படி தட்டிவிடும் ஒவ்வொரு கூம்புக்கும் 2 விநாடி கூடும்.

நான் பேசுவது 1990 முதல் 1997 வரை வந்த முதல் தலைமுறை மியாட்டாவைப் பற்றி, ஹெட்லைட் எழுந்து படுக்குமே அதுதான். ஆரம்பத்தில் வந்த 1.6 லிட்டர் என்ஜினுக்கு 116 குதிரைசக்தி, அவ்வளவுதான். உடனே இன்டேக், எக்ஸாஸ்ட், ஸ்பிரிங் என்று வாங்கக் கை அரிக்கும். வாங்காதீர்கள். பல மாற்றங்கள் உங்களை, அதிகம் மாற்றாத கார்களுக்கான ஸ்ட்ரீட் வகுப்பிலிருந்து தூக்கி, வருடக்கணக்கில் ஓட்டிப் பழகியவர்கள் நடுவில் கொண்டுபோய்ப் போட்டுவிடும். அதுவும் போக, 30 வருடக் காரில் குறைவது சக்தி இல்லை, இறுக்கம்தான். எங்கெங்கே ஆட்டம் கண்டிருக்கிறது என்று தேடுவதுதான் முதல் வேலை.

டயரிலிருந்து ஆரம்பியுங்கள். எனக்குக் காரை விற்றவர் டயரில் பட்டன் நிறைய இருக்கிறது என்றார், இருந்தது உண்மைதான், நானும் நம்பிப் போனேன், இரண்டாவது திருப்பத்திலேயே சோப்பு மேல் நிற்பதுபோல் கார் பக்கவாட்டில் வழுக்கிப் போய் நான்கு கூம்புகளைச் சாய்த்துவிட்டு நின்றது. அப்புறம்தான் குனிந்து பார்த்தேன். டயரின் பக்கச் சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் எழுத்துவரிசையின் கடைசி நான்கு இலக்கம்தான் தயாரித்த தேதி: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். என்னுடையதற்கு 11 வயது. ரப்பர் கல்லாகிப் போயிருந்தது. வரிசை ஒரு பக்கம் மட்டும்தான் முழுதாக இருக்கும், அதனால் காரின் உள்பக்கமும் எட்டிப் பாருங்கள். பணம் செலவழித்தே ஆக வேண்டும் என்றால் இங்கே செலவழியுங்கள், ஆனால் முதல் நாளுக்குப் பந்தய டயர் வேண்டாம், வெடிப்பில்லாத நல்ல சாதாரண டயரே போதும்.

காற்று அழுத்தம் கதவோரத்து ஸ்டிக்கரில் 26 பிஎஸ்ஐ என்று இருக்கும். திருப்பங்களில் டயர் மடங்கும் என்பதால் 30 அளவில் தொடங்கலாம். சாக்பீஸால் டயரின் தரைப்பகுதியிலிருந்து பக்கச் சுவர் வரை குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு ஓட்டுங்கள். ஓரத்தில் இருக்கும் சின்ன முக்கோணக் குறியையும் தாண்டிக் கோடு அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது, 2 பிஎஸ்ஐ ஏற்றுங்கள். குறிக்கு வெகு முன்னாலேயே கோடு அழிவது நின்றிருந்தால் கொஞ்சம் இறக்குங்கள். டயர் சூடாக ஆக அழுத்தமும் ஏறும், ஓட்டத்துக்கு ஓட்டம் அளந்து பாருங்கள்.

அடுத்து ஜாக்கி போட்டு, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். லொடக் என்றால் பேரிங்கோ பால் ஜாயின்ட்டோ போயிருக்கிறது. இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடைப் பாருங்கள். இதைச் சரிசெய்யாமல் போனால் ஓட்டத்துக்கு முன் காலையில் நடக்கும் கார் பரிசோதனையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். வீல் நட்டை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து 80 பவுண்டு-அடி அளவுக்கு இறுக்குங்கள், முதல் ஓட்டம் முடிந்ததும் இன்னொரு தடவை.

பிரேக் ஆயில் டீ நிறத்துக்கு வந்திருந்தால் முழுவதையும் மாற்றுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும்: புதிய டாட் 4 வகை ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறியதற்கோ 155 டிகிரிதான் உத்தரவாதம். பெடலை அழுத்தினால் பஞ்சு மாதிரி இறங்கக் கூடாது. கிளட்ச் ஆயில் டப்பாவையும் திறந்து பாருங்கள், இந்தக் காரில் பெடலின் அழுத்தத்தைக் கிளட்சுக்குக் கடத்தும் ஸ்லேவ் சிலிண்டர் கசிவது ஊரறிந்த வியாதி. மலிவான பாகம்தான், ஆனால் நடுப் பாதையில் கியர் விழாமல் நிற்பது மலிவில்லை.

என்ஜினில் அதிகம் நோண்ட வேண்டாம். ஆயிலை மேல் கோடு வரை நிரப்புங்கள். குறைவாக இருந்தால் திருப்பத்தில் ஒதுங்கிவிடும். மேலே டிக் டிக் என்று கேட்டால் பெரும்பாலும் வால்வை இயக்கும் லிஃப்டரின் சத்தம், பயப்பட வேண்டாம். 1990, 91 கார்களில் மட்டும் என்ஜின் ஓடும்போது முன்பக்கம் கீழே பெல்ட்டைச் சுற்றும் கிராங்க் புல்லியைக் கவனியுங்கள், அது தள்ளாடினால் அதை முதலில் பாருங்கள், பந்தயம் அப்புறம்.

பேட்டரி டிக்கியில் இருக்கிறது. கையால் பிடித்து ஆட்டுங்கள், அசைந்தால் கிளாம்ப் போடுங்கள். டிக்கியிலும் உள்ளேயும் கழற்றக்கூடியதெல்லாம் வெளியே வரட்டும், ஸ்டெப்னி, ஜாக்கி, டிரைவர் பக்க மேட், முக்கியமாகத் தண்ணீர் பாட்டில். பிரேக் பெடலுக்கு அடியில் பாட்டில் உருண்டு வந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஹெல்மெட் இல்லையென்றால் பல கிளப்களில் இரவல் தருவார்கள், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். திறந்த கார் என்பதால் மேற்கூரை, ரோல் பார் (கவிழ்ந்தால் தலையைக் காக்கும் கம்பி) பற்றிய விதியையும் சேர்த்துக் கேளுங்கள். போட்டியில் உங்கள் காருக்கான எண்ணைக் கதவில் பெயின்டர் டேப்பால் ஒட்டிக்கொள்ளலாம். தொப்பி, தண்ணீர், நல்ல ஷூ கட்டாயம், ஏனென்றால் ஓட்டாத நேரத்தில் வெயிலில் நின்று மற்றவர்கள் தட்டிய கூம்பை ஓடி ஓடி நிமிர்த்தி வைப்பதும் உங்கள் வேலைதான்.

ஓட்டம் முடிந்து பிரேக் சூடாக இருக்கும்போது ஹேண்ட்பிரேக் இழுக்காமல் கியரில் விட்டு நிறுத்துங்கள். கிளம்பும்போது டயர் காற்றைப் பழையபடி 26-க்குக் கொண்டுவந்து, நட்டை ஒரு தடவை சரிபாருங்கள், இதே காரில்தானே வீட்டுக்குப் போக வேண்டும்.