நெட்டுவாக்கா, படுக்கைவாக்கா? கல்யாண போட்டோவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முகூர்த்த நாளில் கோவை, ஈரோடு பக்கம் எந்த மண்டபத்துக்குப் போனாலும், மேடைக்கு முன்னால் புதிதாகக் கேமரா பிடித்த தம்பி ஒருவர் நிற்பார். பேட்டரிக்கு சார்ஜ் போடாதது, லென்ஸ் மூடியை மறந்தது எல்லாம் ஒருமுறை பட்டால் திருந்திவிடும். கேமராவை எப்போது நெட்டுவாக்கில் (செங்குத்தாக) திருப்புவது, எப்போது படுக்கைவாக்கில் (கிடைமட்டமாக) வைப்பது என்பதில் செய்யும் தவறு அப்படிச் சீக்கிரம் போவதில்லை.

"அப்புறம் வெட்டிக்கலாமுங்க"

ஏன் எல்லாம் நெட்டுவாக்கு என்று கேட்டால் வரும் எரிச்சல் மூட்டும் பதில் இதுதான். ஸ்டேட்டஸுக்கும் ரீல்ஸுக்கும் 9:16 விகிதத்தில் உயரமான படம் வேண்டும் என்று காலையிலிருந்து எல்லாவற்றையும் நெட்டுவாக்கிலேயே எடுத்துத் தள்ளுகிறார்கள். ஆல்பம் வேலை தொடங்கும்போதுதான் வினை தெரியும்.

24 மெகாபிக்சல் கேமராவின் படம் 6000×4000 பிக்சல். 12×36 அங்குல ஆல்பத்தில் விரித்த இரண்டு பக்கத்தின் விகிதம் 3:1. நெட்டுவாக்குப் படத்தின் அகலம் 4000 பிக்சல்தான். அதில் 3:1 பட்டையை வெட்டினால் 4000×1333 மிஞ்சும். 24 மெகாபிக்சலில் கையில் நிற்பது ஐந்தே சொச்சம். 36 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 111 பிக்சல். கூறைப்புடவை ஜரிகை குழைந்து போய்விடும். அதைவிட மோசம், படத்தின் உயரத்தில் முக்கால் பங்குக்கு மேல் போவதால் தலை இருந்தால் கை இருக்காது, கை இருந்தால் தலை இருக்காது.

படுக்கைவாக்கில் எடுத்திருந்தால் அதே பட்டை 6000×2000, அங்குலத்துக்கு 167 பிக்சல். சுமார்தான், ஆனால் ஒப்பேறும். அதே படத்திலிருந்து 12×18 அங்குலப் பிரிண்டுக்கு நெட்டுவாக்கில் வெட்டினாலும் அங்குலத்துக்கு 222 பிக்சல் கிடைக்கும். ஆகவே நட்டம் இரண்டு பக்கமும் சமம் இல்லை.

தாலி கட்டியது கட்டியதுதான், இன்னொரு தடவை கட்டச் சொல்ல முடியாது. அதனால்தான் டிசைனர்கள் அதே படத்தை மங்கலாக்கி இரண்டு பக்கமும் ஒட்டி இடத்தை நிரப்புகிறார்கள். பணம் கொடுத்தவர் வீட்டில் பார்க்கச் சகிக்காது.

கொங்குக் கல்யாணத்தின் இணைச்சீர் சடங்கில் மாப்பிள்ளை, இணைச்சீர்க்காரி (மாப்பிள்ளையின் சகோதரி), சடங்கை நடத்தும் அருமைக்காரர் மூவரும் பக்கவாட்டில் விரிந்திருப்பார்கள். முதல் இரண்டு படம் படுக்கைவாக்கில், சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டு எடுங்கள். பிறகு திருப்பி ஒன்று. ரீல்ஸுக்கு இன்னொருவர் கையில் போன் இருக்கட்டும். ஆல்பம் மடிப்பு 18ஆவது அங்குலத்தில் வரும். சட்டத்தின் நட்டநடுவில் முகத்தை வைக்காதீர்கள்.

ஃபிளாஷோடு திருப்புவது

கேமராவைத் திருப்பினால் மேலே இருந்த ஃபிளாஷ் பக்கவாட்டுக்கு வந்துவிடும், மேடையின் பின்திரையில் ஒரு பக்கம் கருநிழல் விழும். கூரை தாழ்வாகவும் வெள்ளையாகவும் இருந்தால் ஃபிளாஷ் தலையை மேலே திருப்பலாம். உயரமான மண்டபத்தில் அது பலிக்காது. பொண்ணு மாப்பிள்ளையைத் திரையை விட்டு ஐந்தாறு அடி முன்னால் நிறுத்துங்கள். கை ஆடினால் ஷட்டர் பட்டன் கீழே வரும்படி திருப்பிப் பாருங்கள், வலது முழங்கை விலாவோடு ஒட்டிக்கொள்ளும்.

உயரமாக இருந்தால் நெட்டுவாக்கு என்ற நினைப்பு

பொள்ளாச்சித் தோப்பில் ஒற்றைத் தென்னைக்கு நெட்டுவாக்கு சரி. வரிசை தெரிய வேண்டுமானால் படுக்கைவாக்குதான். காங்கேயம் காளையைப் பக்கவாட்டில் எடுத்தால் கொம்பு முதல் வால் வரை, நான்கு காலும் சேர்ந்து படுக்கைவாக்கில் அடங்கும். எதிரே நின்று கொம்பையும் திமிலையும் எடுக்க நெட்டுவாக்கு. ரேக்ளா மாட்டுவண்டிப் பந்தயமும் அப்படியே. பக்கவாட்டில் ஓடும்போது மாட்டுக்கு முன்னால் இடம் விடுங்கள். எதிரே வரும்போது மாடும் அதற்கு மேல் ஓட்டுபவரும் தெரிவதால் நெட்டுவாக்கு பொருந்தும்.

வீடியோ

பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது கேமராவைத் திருப்பாதீர்கள்.

இலையை நேர் மேலிருந்து எடுப்பது

பந்தியில் வாழையிலையையோ வாசலில் கோலத்தையோ எடுக்கும்போது போன் தரையைப் பார்த்துப் படுத்திருக்கும். புவியீர்ப்பை வைத்துத் திசை அறியும் சென்சாருக்கு அப்போது எது மேல் என்று தெரியாது. படம் பக்கவாட்டில் சேமிப்பாகிவிடலாம். முதலில் போனை வேண்டிய வாக்கில் நிமிர்த்திப் பிடியுங்கள். திரையில் உள்ள குறியீடுகள் திரும்பியதும் மெல்லச் சாய்த்து எடுங்கள்.