பழைய கார் வாங்கப் போகிறீர்களா? ஏசியை இப்படிச் சோதியுங்கள்

"கேஸ் மட்டும் கொஞ்சம் கம்மி சார், ஏத்திட்டா ஊட்டி மாதிரி இருக்கும்." முதன்முதலாக நான் செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியபோது புரோக்கர் சொன்னது இது. மார்கழி மாதம், சாயங்காலம் ஆறு மணி. அந்தக் குளிரில் ஏசி போட்டால் எந்த வண்டியும் ஜில்லென்றுதான் இருக்கும். கத்திரி வெயிலில் கதை தெரிந்தது. கேஸ் ஏற்றினேன், மூன்று வாரத்தில் காற்று வெதுவெதுப்பாகிவிட்டது. மறுபடி ஏற்றினேன், மறுபடி அதே. கடைசியில் டேஷ்போர்டையே கழற்றி, உள்ளே இருக்கும் கூலிங் காயிலை மாற்ற வேண்டியதாயிற்று. காயில் விலையைவிடக் கழற்றி மாட்டும் கூலிதான் வலித்தது.

ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது. சின்னக் கார்களில் மொத்தமே அரைக் கிலோ அளவில்தான் இருக்கும். ரப்பர் குழாய்கள் வழியே வருடக்கணக்கில் துளித்துளியாகக் கசிவது சகஜம். பத்து வருட வண்டியில் கொஞ்சம் குறைந்திருந்தால் குற்றமில்லை. ஆனால் சில மாதத்திலேயே குறைகிறது என்றால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. வண்டி பார்க்கப் போகும்போது நாம் தேடுவது அந்த ஓட்டையைத்தான்.

போவதற்கு முன்

மத்தியானம் பன்னிரண்டிலிருந்து மூன்று மணிக்குள் போங்கள். "நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். முன்கூட்டியே ஏசியை ஓடவிட்டுக் குளிரவைத்த வண்டியில் எதையும் கண்டுபிடிக்க முடியாது. கையில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருக்கட்டும். மீன் தொட்டிக்கு வாங்குவார்களே, ஒயரோடு வரும் அது போதும்.

படி 1: ஸ்டார்ட் செய்யாமல் பானெட்டைத் திறங்கள்

ரேடியேட்டருக்கு முன்னால் இருப்பது கண்டென்சர், கேஸின் சூட்டை வெளியேற்றும் பாகம். அதன் மெல்லிய தகடுகள் நசுங்கியிருக்கிறதா, சேறு அடைத்திருக்கிறதா என்று முன்பக்க கிரில் வழியாகப் பாருங்கள். அப்புறம் அலுமினியக் குழாய்கள் ஒன்றோடொன்று சேரும் இணைப்புகளைப் பாருங்கள். கேஸ் கசியும்போது, கேஸை அழுத்திச் சுற்றவைக்கும் கம்ப்ரஸரின் ஆயிலையும் கூட இழுத்துக்கொண்டு வரும். அதில் தூசி ஒட்டிக் கருப்புப் பிசுக்காகப் படியும். சுற்றிலும் சாதாரணத் தூசி இருக்க, ஒரு இணைப்பில் மட்டும் பிசுபிசுப்பு இருந்தால் சந்தேகப்படுங்கள். இன்ஜின் பகுதி முழுவதையும் அன்று காலையில்தான் பளபளவென்று கழுவியிருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

படி 2: ஏசி போடாமல் ப்ளோயரை (காற்றை ஊதும் ஃபேனை) மட்டும் ஓடவிடுங்கள்

எல்லா வேகத்திலும் வைத்துப் பாருங்கள். கடைசி வேகம் மட்டும் வேலை செய்கிறது, மற்றவை செத்துவிட்டன என்றால் பெரும்பாலும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் போயிருக்கும். சின்னச் செலவுதான், பயப்பட வேண்டாம். காற்றே மந்தமாக வந்தால் கேபின் ஃபில்டர் அடைத்திருக்கலாம். அதுவும் சில நூறு ரூபாய் வேலை.

வாடையைக் கவனியுங்கள். புளித்த வாடை என்றால் காயிலில் பூஞ்சை, சுத்தம் செய்தால் போய்விடும். சேற்று வாடை வேறு சமாச்சாரம். முன் சீட்டுகளுக்குக் கீழே மேட்டைத் தூக்கி, அடியில் உள்ள கார்ப்பெட்டைக் கையால் அழுத்திப் பாருங்கள். டிரைவருக்குப் பக்கத்தில் உட்காருபவர் கால் வைக்கும் இடத்தில் மட்டும் ஈரம் என்றால் ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கலாம். நாலா பக்கமும் வண்டல் படிந்திருந்தால் அது வெள்ளத்தில் நின்ற வண்டி. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் மூழ்கின. அப்படிப்பட்ட வண்டியில் ஏசியைச் சோதித்து நேரத்தை வீணாக்காதீர்கள், கிளம்பிவிடுங்கள்.

படி 3: இப்போது ஏசி, காதைத் தீட்டிக்கொண்டு

பல வண்டிகளில் ஏசி பட்டனை அழுத்தியதும் 'டக்' என்று கம்ப்ரஸரின் கிளட்ச் பிடிக்கும் சத்தம் கேட்கும். இன்ஜின் ஒரு நொடி தடுமாறிச் சமாளித்துக்கொள்ளும். சில புது மாடல்களில் இந்த 'டக்' இருக்காது. முன்னால் உள்ள ஃபேனும் சிறிது நேரத்தில் சுற்ற வேண்டும்.

ஏசி போட்டால் மட்டும் கரகரவென்று சத்தம், அணைத்தால் நின்றுவிடுகிறது என்றால் கம்ப்ரஸரில் கோளாறு இருக்கலாம். எல்லாவற்றிலும் பெரிய செலவு இதுதான். கம்ப்ரஸர் உள்ளுக்குள் தேய்ந்து உடைந்தால் உலோகத் துகள் குழாய் முழுக்கப் பரவும். அதோடு கண்டென்சர், டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு என்று வரிசையாக மாற்றச் சொல்வார்கள்.

படி 4: தெர்மாமீட்டர்

கண்ணாடிகளை ஏற்றி, குளிரை முழுசாக வைத்து, வெளிக்காற்று வராமல் உள்காற்றே சுழலும் பட்டனை அழுத்துங்கள். தெர்மாமீட்டர் முனையைக் காற்று வரும் நடு வென்ட்டில் செருகிப் பத்து நிமிடம் பொறுங்கள். வெளியே 35 டிகிரி இருக்கும்போது வென்ட்டில் 10 டிகிரிக்குக் கீழே வந்தால் நல்ல ஏசி. 14 வரை பரவாயில்லை. 18, 20 என்று நின்றால் ஏதோ இருக்கிறது.

நின்ற இடத்தில் சுமாராகவும், ஓட்டும்போது நன்றாகவும் குளிர்கிறதா? ஃபேன் சரியாகச் சுற்றவில்லை, அல்லது கண்டென்சர் அடைத்திருக்கிறது. கேஸ் குறைவும் இப்படிக் காட்டுவதுண்டு. ஆகவே கால் மணி நேரம் நிற்கவைத்து, அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். முதலில் நன்றாகக் குளிர்ந்து, போகப்போகக் காற்றே குறைந்துபோனால் காயிலில் ஐஸ் கட்டுகிறது. இவ்வளவு நேரமும் இன்ஜின் சூடு காட்டும் முள் மேலே ஏறுகிறதா என்றும் ஒரு கண் வையுங்கள்.

திரும்பி வந்து நிறுத்தியதும் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். தண்ணீர் சொட்டினால் அது நல்ல அறிகுறி. ஒழுகுகிறது என்று பதற வேண்டாம்.

படி 5: அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஏசி மெக்கானிக்

கார் மெக்கானிக் வேறு, ஏசி மெக்கானிக் வேறு. ஏசி ஆளிடம் வண்டியைக் கொண்டுபோய், கேஸின் அழுத்தத்தைக் காட்டும் கேஜ் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலான வண்டிகளில் இருக்கும் ஆர்134ஏ கேஸுக்கு, நல்ல வெயிலில் இன்ஜின் ஓடும்போது தாழ்வழுத்தப் பக்கம் சுமார் 30–40, உயர்வழுத்தப் பக்கம் 200–250 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) காட்ட வேண்டும். இரண்டும் குறைவாக இருந்தால் கேஸ் குறைவு. தாழ்வு ஏறி, உயர்வு இறங்கியிருந்தால் கம்ப்ரஸருக்கு வலுவில்லை.

கேஸ் குறைவு என்று தெரிந்ததும் விற்பவர் சொல்வார்: "நானே ஏத்திக் கொடுத்துடுறேன்." தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். ஏற்றிய கேஸ் ஓட்டையைச் சில வாரம் மறைத்துவிடும், அதற்குள் ஆர்சி உங்கள் பெயருக்கு மாறியிருக்கும். அதற்குப் பதிலாக, குழாய்க்குள் நைட்ரஜன் ஏற்றி ஓட்டை எங்கே என்று சோதிக்கக் கேளுங்கள், அந்தச் செலவை நீங்களே கொடுத்தாலும் சரி. குழாய் இணைப்பில் கசிவு என்றால் செலவு கொஞ்சம்தான், அதை விலையில் கழித்துக்கொண்டு வாங்கலாம். கூலிங் காயில் என்றால் டேஷ்போர்டு கழற்றும் கூலியையும் சேர்த்துக் கழிக்கச் சொல்லுங்கள். சோதிக்கவே விடமாட்டேன் என்பவரிடம் நான் இப்போதெல்லாம் ஒரு டீ குடித்துவிட்டு பஸ் பிடித்து வந்துவிடுகிறேன்.