பழைய வேட்டியில் பச்சைக் குழந்தைக்கு ஜப்லா: மெஷினில் புதிதாக உட்காருபவர்களுக்கு

தையல் கற்றுக்கொள்ள ஆரம்பிக்கிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே பிளவுஸில் கை வைப்பது வழக்கம். கொஞ்ச நாளில் அலுத்துப்போய், மடிக்காத துணி மூட்டையை மெஷின் மேல் ஏற்றி வைப்பதும் வழக்கம். பிளவுஸை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஒரு ஜப்லா, அதாவது கைக்குழந்தைக்குப் போடுகிற சின்னச் சட்டை, தையுங்கள். உடம்பு வளைவுக்காகத் துணியைப் பிடித்துத் தைக்கிற டக்ஸ் கிடையாது, கையைத் தனியாக வெட்டி ஏற்ற வேண்டாம், காஜா, பட்டன், ஹூக் எதுவும் இல்லை, ஒரு மத்தியானத்தில் வேலை முடிந்துவிடும். அக்கம்பக்கத்தில் யாராவது ஒருத்தர் எப்போதும் பிள்ளைத்தாச்சியாக இருப்பார், அதனால் தைத்ததும் வீணாகாது.

தொடங்கும் முன் ஒரே ஒரு விஷயத்தை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். ஜப்லாவுக்கு உள்பக்கம்தான் நல்ல பக்கம். மற்ற உடைகளில் பிசிறு, மடிப்பு, நூல் முனை எல்லாவற்றையும் உள்ளே தள்ளி மறைப்போம். இதில் அத்தனையும் வெளியே வர வேண்டும், குழந்தையின் தோலில் படுகிற பக்கத்தில் ஒன்றும் உறுத்தக் கூடாது. கடையில் வாங்கிய ஜப்லாவைத் திருப்பி அக்குள் பக்கத்தில் விரலால் தடவிப் பாருங்கள், ஓரம் பிரியாமலிருக்கச் சுற்றி அடித்த ஓவர்லாக் நூல் சொரசொரவென்று இருக்கும். கீழே நான் சொல்கிற ஒவ்வொன்றும் அந்தச் சொரசொரப்பைத் தவிர்க்கத்தான்.

துணி

நன்றாக உடுத்தித் துவைத்துப் பழகிய பருத்தி வேட்டியை விடப் பொருத்தமான துணி இதற்கு இல்லை. நெய்யும்போது பாவில் ஏற்றிய கஞ்சியெல்லாம் துவைக்கத் துவைக்கப் போய்விடுவதால் மெத்தென்று இருக்கும், ஈரத்தையும் சட்டென்று உறிஞ்சும். குழந்தை பிறக்கும் முன்பே புதுத்துணி எடுக்கக் கூடாது என்று பல வீடுகளில் இன்னமும் பார்ப்பார்கள், பழைய துணி என்றால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அதனால் வளைகாப்பு முடிந்த கையோடு தாத்தாவின் வேட்டி ஒன்று பையில் சுருட்டி என் வீட்டுக்கு வந்துவிடும்.

வேட்டி என்றாலே பருத்தி என்று நம்பிவிடாதீர்கள், பாலியெஸ்டர் கலந்தது இப்போது நிறைய. ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, அடுப்பங்கரைத் தொட்டி மேல் நின்று கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து பொடிச் சாம்பலானால் பருத்தி. உருகிச் சுருண்டு முனையில் கெட்டியாக மணி மாதிரி நின்றால் கலப்படம், அதைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, துணியை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் நைந்த இடம் பளிச்சென்று தெரிந்துவிடும், அங்கே பென்சிலால் பெருக்கல் குறி போட்டு ஒதுக்குங்கள். சரிகைக் கரை சின்னதாக இருந்தாலும் வெட்டி எறியுங்கள், அது கீறும். சாயக் கரையும் வேண்டாம், ஈரத்தில் சாயம் இறங்கலாம். நீலம், கஞ்சி எதுவும் போடாமல் வெந்நீரில் அலசி, நல்ல வெயிலில் காயவைத்து, சூடாக அயர்ன் செய்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாலு முழ வேட்டியில் நைந்ததெல்லாம் போனாலும் நாலைந்து ஜப்லாவுக்குத் துணி தேறும்.

மெஷினுக்கு: புதிய 11ஆம் நம்பர் ஊசி, வெள்ளைப் பருத்தி நூல், ஓர் இன்ச்சுக்கு 10 அல்லது 12 தையல் விழுகிற மாதிரி அளவு. மழுங்கிய ஊசி என்றால் வேட்டித் துணியில் இழை இழுத்துவிடும்.

பேப்பரில் வரைவது

செய்தித்தாள் வேண்டாம், அதன் மை வெள்ளைத் துணியில் ஒட்டும். மாதக் காலண்டரின் பழைய தாளைத் திருப்பிப் போட்டு வரையுங்கள். 12 இன்ச் நீளம், 8½ இன்ச் அகலத்துக்கு ஒரு செவ்வகம் போடுங்கள். மேல் கோடு தோள், இடது கோடு நடு. மேல் இடது மூலையில் தொடங்குவோம்.

கழுத்துக்கு, தோள் கோட்டில் மூலையிலிருந்து 2 இன்ச் தள்ளி ஒரு புள்ளி. நடுக்கோட்டில் அரை இன்ச் இறக்கி ஒரு புள்ளி, அது முதுகுக் கழுத்து. அதே கோட்டில் 2¼ இன்ச் இறக்கி இன்னொரு புள்ளி, அது முன் கழுத்து. இரண்டு புள்ளிகளிலிருந்தும் தோள் புள்ளிக்குத் தனித்தனியாக வளைவு போடுங்கள்.

கைக்கு, தோள் கோட்டில் 8 இன்ச்சில் ஒரு புள்ளி வைத்து அங்கிருந்து நேராக 4 இன்ச் கீழே இறங்குங்கள், அதுதான் கை வாய். அக்குள் என்பது நடுக்கோட்டிலிருந்து 5½ இன்ச் தள்ளி, தோளிலிருந்து 4½ இன்ச் கீழே இருக்கிற புள்ளி. கை வாயின் அடிமுனையை அக்குளோடு சேர்த்து, மூலை விழாமல் வளைத்துக்கொள்ளுங்கள். அக்குளிலிருந்து கீழே வரும்போது கொஞ்சம் கொஞ்சமாக அகட்டி, 11½ இன்ச் நீளத்தில் நடுவிலிருந்து 6 இன்ச்சுக்கு வந்து நில்லுங்கள். தையலுக்கு விட வேண்டிய அரை இன்ச் இதிலேயே அடக்கம், மறுபடி சேர்க்காதீர்கள்.

வெட்டுவது

24 இன்ச் நீளம், 17 இன்ச் அகலத்துக்குத் துணித் துண்டு ஒன்று எடுத்து, அகலவாக்கில் இடமிருந்து வலமாகப் பாதியாக மடியுங்கள், இந்த மடிப்பு உங்கள் இடப்பக்கம். அதை நீளவாக்கில் மேலிருந்து கீழாக இன்னொரு மடிப்பு, இந்த மடிப்பு மேலே இருக்கட்டும். இப்போது நாலு அடுக்கு. பேப்பரின் தோள் கோடு மேல் மடிப்பிலும் நடுக்கோடு இடது மடிப்பிலும் சரியாக உட்கார வேண்டும், தப்பிப்போய் வேறு பக்கம் வைத்தால் ஜப்லா இரண்டு துண்டாகிவிடும். குண்டூசி குத்தி, சுற்றிலும் பென்சிலால் லேசாக வரைந்து வெட்டுங்கள். எத்தனை குண்டூசி குத்தினீர்கள் என்று எண்ணிக்கொண்டால் நல்லது, கடைசியில் அத்தனையும் டப்பாவில் இருக்கிறதா என்று பார்க்கலாம். பச்சைக் குழந்தையின் துணியில் ஒரு குண்டூசிகூட மிஞ்சக் கூடாது.

கழுத்தை முதலில் அரை இன்ச் வளைவில் நாலு அடுக்கையும் சேர்த்து வெட்டி, அப்புறம் மேலே இருக்கிற இரண்டு அடுக்கை மட்டும் தூக்கி முன் கழுத்து வளைவில் வெட்டுங்கள். அந்த இரண்டு அடுக்கின் நடு மடிப்பிலேயே கீழ்வரை கத்திரியை ஓட்டினால் முன்பக்கம் திறந்துவிடும். ஏன் முன்பக்கத் திறப்பு? பிறந்த குழந்தையின் தலைச்சுற்று சுமார் 34 செ.மீ., மார்புச்சுற்று அதைவிட 2 செ.மீ. போலக் குறைவு. உடம்பிலேயே பெரிய இடமான தலை வழியாக, கழுத்து நிற்காத குழந்தைக்கு யார் மாட்டுவது? படுக்கவைத்தபடி கையை மட்டும் நுழைத்து முடிந்துவிடலாம்.

தைப்பது

பழைய வேட்டி மெல்லிசு என்பதால் முதல் தையலிலேயே ஊசி ஓட்டைக்குள் துணியை மெஷின் விழுங்கப் பார்க்கும். ஒரு பிட் துணியில் தையலைத் தொடங்கி, நிறுத்தாமல் ஜப்லாத் துணிக்குள் ஏறிவிடுங்கள், விழுங்காது. ரிவர்ஸ் இல்லாத பழைய கறுப்பு மெஷின் என்றால், முடிகிற இடத்தில் ஊசியைத் துணிக்குள் இறக்கி வைத்துத் துணியைத் திருப்பி மூன்று நாலு தையல் போட்டால் கெட்டியாகிவிடும்.

முன் திறப்பின் இரண்டு ஓரத்தையும் கால் இன்ச் ஒரு மடிப்பு, இன்னொரு கால் இன்ச் ஒரு மடிப்பு என்று வெளிப்பக்கமாக மடித்து அடியுங்கள். கை வாய் இரண்டும் அதே மாதிரி. வெள்ளை வேட்டியில் எது உள், எது வெளி என்று குழம்பும், உள்பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்துக்கொண்டால் போதும்.

கழுத்துக்கு கிராஸ் பீஸ் வேண்டும். 10 இன்ச் சதுரத் துணியை மூலைக்கு மூலை முக்கோணமாக மடித்து, மடிப்பை ஒட்டி 1¼ இன்ச் அகலத்தில் ஒரு பட்டி வெட்டுங்கள். மடிப்பையும் வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் பட்டி இரட்டை அகலமாக வரும். நேர் இழையில் வெட்டிய பட்டி வளைவில் சுருங்கி நிற்கும், இப்படி மூலைவாக்கில் வெட்டியது இழுபடும் என்பதால் படிந்து போகும். 12 இன்ச் நீளம் தாராளம். ரெண்டு முனையிலும் அரை இன்ச் மடித்துக்கொண்டு, பட்டியைக் கழுத்தின் உள்பக்கத்தில், அதாவது புள்ளி வைத்த பக்கத்தில் வைத்து, ஓரத்திலிருந்து கால் இன்ச்சில் அடியுங்கள். வளைவில் அங்கங்கே தையலைத் தொடாமல் சின்னச் சின்ன வெட்டு. அப்புறம் பட்டியை வெளியே திருப்பி, பிசிறை உள்ளே மடக்கி, மேலே ஒரு தையல். பட்டியை இழுத்துக்கொண்டே தைக்காதீர்கள், கழுத்து சுருக்குப் பை ஆகிவிடும்.

இனி முடிச்சுக் கயிறு. பாவாடை நாடாவும் சாட்டின் ரிப்பனும் வேண்டாம், ஒன்று முரடு, இன்னொன்று முடிச்சு நிற்காமல் வழுக்கும். அதே வேட்டியில் 1 இன்ச் அகலம், 6 இன்ச் நீளத்தில் நாலு பட்டி வெட்டி, இரண்டு ஓரத்தையும் நடுவுக்கு மடித்து, மறுபடி இரண்டாக மடித்து அடித்தால் கயிறு ரெடி. கழுத்தை ஒட்டி வைக்காமல் ஒரு இன்ச் கீழே ஒரு ஜோடி, அதிலிருந்து 3 இன்ச் கீழே இன்னொரு ஜோடி. ஒரு பக்கத்துக் கயிற்றைச் சரியாக ஓரத்திலும், எதிர்ப்பக்கத்துக் கயிற்றை ஓரத்திலிருந்து 1 இன்ச் உள்ளே தள்ளியும், எல்லாம் வெளிப்பக்கமாகவே வையுங்கள். முடியும்போது ஒரு பக்கம் மறுபக்கத்தின் மேல் ஏறிக்கொள்ளும், வயிறு தெரியாது. தைத்து முடிந்ததும் வெளியே தொங்குகிற நீளம் 5 இன்ச்சைத் தாண்ட வேண்டாம், நீளக் கயிறு குழந்தையின் கழுத்தில் சுற்றினால் ஆபத்து.

பக்கத் தையல்தான் இதில் முக்கியம். இரண்டு தடவை அடிக்க வேண்டும், அவசரப்பட்டு ஒன்றோடு விட்டுவிடாதீர்கள். ஜப்லாவைத் தோளில் மடித்து, புள்ளி வைத்த பக்கம் வெளியே தெரிகிற மாதிரி போடுங்கள். கை வாயில் தொடங்கி அக்குள் வழியாகக் கீழ் ஓரம் வரை, கால் இன்ச்சுக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு தையல். பிசிறைப் பாதியாக நறுக்கி, அக்குள் வளைவில் இரண்டு மூன்று இடத்தில் லேசாக வெட்டி, ஜப்லாவைத் திருப்பாமல் தடவிப் பாருங்கள், பிசிறு இப்போது குழந்தை படுகிற பக்கத்தில்தான் இருக்கும். பதற வேண்டாம். புள்ளி உள்ளே போகிற மாதிரி ஜப்லாவைத் திருப்பி, தையல் ஓரத்தை விரலால் நீவிவிட்டு, அதே ஓரத்தில் கால் இன்ச்சுக்குக் கொஞ்சம் கூடுதலாக இரண்டாவது தையல் போடுங்கள். பிசிறு இரண்டு தையலுக்கும் நடுவே அடைபட்டு வெளிப்பக்கம் நின்றுவிடும், குழந்தை படுகிற பக்கத்தில் ஒன்றும் உறுத்தாது.

கடைசியாகக் கீழ் ஓரத்தையும் கை வாய் மாதிரியே வெளிப்பக்கமாக மடித்து அடித்தால் ஜப்லா ரெடி.