ஐரோப்பாவில் 40 டிகிரி வெயில்: ஏசி இல்லாத அறையிலும் தூங்கி, பகலில் தளராமல் ஊர் சுற்றுவது எப்படி?

"நாம பார்க்காத வெயிலா?" என்று ஜூலையில் ஐரோப்பா கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாரிஸில் 2019 ஜூலை 25 அன்று 42.6 டிகிரி. சிசிலியின் சிரகூசா பக்கம் 2021 ஆகஸ்டில் 48.8. இங்கிலாந்தே 2022 ஜூலையில் 40-ஐத் தாண்டியது. வேலூர்க்காரருக்கு 42 புதிதல்ல. ஆனால் வேலூரில் தலைக்கு மேல் மின்விசிறி ஓடும், ஏழு மணிக்கு இருட்டிவிடும். ஐரோப்பாவில் பல வீடுகளில் மின்விசிறி மாட்ட கொக்கிகூடக் கிடையாது. குளிர்காலத்தில் சூட்டை உள்ளே பிடித்து வைக்கக் கட்டிய வீடுகள், கோடையிலும் அதையேதான் செய்யும்.

விசா, விமானம், காப்பீடு எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: அறை பதிவு

ஸ்பெயினின் தெற்கில் ஏசி சாதாரணம். பாரிஸ், பெர்லின், லண்டனில் நடுத்தர விலை அறைகளில் அது இருக்கும் என்று நம்பாதீர்கள். விவரத்தில் "ஏசி" என்று போட்டிருந்தாலும், சுவரில் மாட்டியதா, தரையில் உருட்டி வைப்பதா என்று கேட்டு எழுதுங்கள். பாரிஸில் கடைசி மாடி வேண்டவே வேண்டாம். அங்கே பல கூரைகள் துத்தநாகத் தகடு. பகல் முழுக்கக் காய்ந்து, கீழே இருப்பவரை இரவில் வேகவைக்கும். ஏசி இல்லாவிட்டால் முதல் அல்லது இரண்டாவது மாடி, முற்றத்தைப் பார்த்த ஜன்னல், வெளிப்பக்கம் மரக் கதவு அல்லது சுருள் மறைப்பு. இந்த மூன்றும் இருந்தால் எடுத்துவிடலாம்.

படி 2: ஜன்னல்

எனக்கு ரொம்பக் குழப்பம் தந்த இடம் இதுதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

புழுங்கினால் ஜன்னலைத் திறப்பது நம் கை பழகிய வேலை. அங்கே மதியம் அதைச் செய்யக் கூடாது. கனமான கல் சுவர் இரவில் குளிர்ந்திருக்கும். வெளியே 38, உள்ளே 27 இருக்கும்போது திறந்தால் அந்தக் குளிர்ச்சி ஒரு மணி நேரத்தில் காலி. சுவர் சூடேறிவிட்டால் விடியும்வரை அந்தச் சூட்டை உங்கள்மேல் விட்டுக்கொண்டே இருக்கும்.

ஆகவே: காலையில் வெயில் அந்தச் சுவரில் படுமுன்பே வெளிப்பக்க மறைப்பை மூடுங்கள். உள்ளே திரையை மட்டும் இழுப்பது போதாது. கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட சூட்டைத் திரை வெளியே அனுப்பாது. வெளிக்காற்று அறையைவிடச் சூடாகத் தொடங்கியதும் கண்ணாடியையும் சாத்துங்கள். இரவில் வெளிக்காற்று அறையைவிடக் குளிர்ந்த பிறகுதான் எல்லாவற்றையும் திறக்க வேண்டும். அனல் அடிக்கும் நாட்களில் அது பத்து, பதினொரு மணிகூட ஆகும். ஊகிக்க வேண்டாம், சின்ன டிஜிட்டல் வெப்பமானி ஒன்றைப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். அதன் எண்ணையும் போனில் காட்டும் வெளி வெப்பத்தையும் ஒப்பிட்டால் போதும். இந்தப் பயணத்துக்காக ஒரே ஒரு பொருள்தான் வாங்குவேன் என்றால் இதை வாங்குங்கள்.

ஸ்பெயினில் சுருள் மறைப்பை இறக்க ஜன்னல் ஓரத்தில் ஒரு நாடாப் பட்டை தொங்கும். பட்டென்று விடாமல் இரண்டு கையாலும் மெல்ல விடுங்கள். அடிப்பலகை கீழே தொட்டதும் நிறுத்தினால் பலகைகளுக்கு நடுவே ஊசித்துளைகள் தெரியும். வெளிச்சமும் கொஞ்சம் காற்றும் வரும். பட்டையை இன்னும் தளர்த்தினால் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்து துளைகள் அடைபடும். பகலுக்கு அடைத்த நிலை, இரவுக்குத் துளை நிலை.

ஜெர்மனி, ஆஸ்திரியாவில் ஜன்னல் கைப்பிடி கீழே பார்த்தால் பூட்டு, பக்கவாட்டில் திருப்பினால் முழுத் திறப்பு, மேலே திருப்பினால் மேல்பக்கம் மட்டும் சாயும். சாய்வுத் திறப்பில் காற்று ஓடாது. இரவில் முழுக்கத் திறந்து, எதிர்ப்பக்க ஜன்னலையும் திறங்கள்.

கொசுவலை பெரும்பாலும் இருக்காது. விளக்கை அணைத்துவிட்டுத் திறங்கள். இத்தாலியில் என்றால் கொசுவிரட்டியை அங்கேயே சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 3: கடிகாரத்தை மாற்றிப் போடுங்கள்

தெற்கு ஸ்பெயினின் செவில்லில் ஜூன் கடைசியில் சூரியன் உச்சிக்கு வருவதே பிற்பகல் இரண்டரை மணிவாக்கில். மறைவது இரவு ஒன்பதே முக்காலுக்கு மேல். அதனால் சூடு உச்சத்தில் இருப்பது மாலை ஐந்து, ஆறு மணிக்கு. "நாலு மணிக்கு வெயில் தாழ்ந்ததும் கிளம்பலாம்" என்ற நம் ஊர்க் கணக்கு அங்கே செல்லாது.

காலை எட்டிலிருந்து பன்னிரண்டரை வரை நடை. அப்புறம் இரவு எட்டரைக்குப் பிறகு. இடைப்பட்ட நேரத்தைக் கூரைக்குக் கீழே கழியுங்கள். மாட்ரிட்டில் இது இன்னும் வசதி: பிராதோ அருங்காட்சியகம் திங்கள் முதல் சனி வரை மாலை 6 முதல் 8 வரை இலவசம். ரோமில் சான் கிளெமென்தே தேவாலயத்துக்குப் போங்கள். 12-ஆம் நூற்றாண்டுக் கோயிலுக்கு அடியில் 4-ஆம் நூற்றாண்டுக் கோயில், அதற்கும் அடியில் ரோமானியர் காலத்துக் கட்டடம். இறங்க இறங்கக் குளிரும். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்பதால் மெல்லிய துப்பட்டா ஒன்று பையில் இருக்கட்டும். பார்சிலோனாவில் நூலகங்கள் உட்படப் பல பொது இடங்களை வெயில் புகலிடமாகவே அறிவித்திருக்கிறார்கள்.

ஏதென்ஸ் அக்ரோபோலிஸுக்குக் காலை எட்டு மணிச் சீட்டு மட்டுமே எடுங்கள். மேலே நிழல் கிடையாது. கடும் அனல் நாட்களில் மதியம் அதை மூடிவிடுவார்கள். 2023, 2024, 2025 மூன்று கோடைகளிலும் மூடினார்கள். அன்றன்றைய எச்சரிக்கையை மீட்டியோஅலார்ம் தளத்தில் பாருங்கள். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் காட்டும். சிவப்பு என்றால் அன்றைய திட்டத்தைத் தயங்காமல் ரத்து செய்யுங்கள்.

படி 4: தண்ணீர், துண்டு, விசிறி

ஸ்பெயின் உள்நாட்டிலும் பாரிஸிலும் காற்று வறண்டது. வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் வியர்ப்பதே தெரியாது. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதீர்கள். ரோம் தெருக்களில் சுமார் 2,500 இரும்புக் குழாய்கள் ஓடிக்கொண்டே இருக்கும். வளைந்த மூக்கின் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள சிறு துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சும்; குனியாமல் குடிக்கலாம். பிரான்ஸ் உணவகங்களில் குழாய்த் தண்ணீர் கேட்டால் ஜாடியில் இலவசமாகத் தருவார்கள். ஸ்பெயினிலும் 2022 முதல் அது சட்டம்.

கடையில் விற்கும் "கூலிங் டவல்" எனக்குப் பிடிக்கவில்லை. நம் ஈரிழைத் துண்டை நனைத்துக் கழுத்தில் போடுவதுதான் என் தேர்வு. அது வறண்ட காற்றில் நன்றாகக் குளிரும். பேட்டரி விசிறியைவிட செவில் பாட்டிகள் வைத்திருக்கும் மடிப்பு விசிறி மேல், சார்ஜ் தீராது. 40-க்கு மேல் போனால் வெறும் விசிறிக் காற்று உடம்பைச் சூடாக்கும். தோலை நனைத்துவிட்டு வீசுங்கள்.

ஓஆர்எஸ் பொட்டலங்கள் ஊரிலிருந்தே போகட்டும். அம்மா அப்பாவை அழைத்துப் போகிறவர்கள் ரத்த அழுத்த மாத்திரை பற்றி, குறிப்பாக நீர் பிரியும் மாத்திரை பற்றி, கிளம்புமுன் மருத்துவரிடம் கேளுங்கள். ஓஆர்எஸ்ஸில் உப்பும் சர்க்கரையும் இருப்பதால் அதையும் கேட்டுவிடுங்கள். இன்சுலினை வெயிலில் நிற்கும் காரில் விடவே கூடாது.

யாராவது பேச்சு குழறினாலோ, தடுமாறினாலோ, உடம்பு கொதித்தாலோ உடனே 112. ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க அதே எண்; பிரிட்டனிலும் வேலை செய்யும். உதவி வரும்வரை நிழலில் கிடத்தி, உடம்பை நனைத்து விசிறுங்கள். நினைவு தப்பியவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்த ஒருவர், ஹோட்டலில் ஏசி போட்டும் குளிரவில்லை என்று எழுதியிருந்தார். பால்கனிக் கதவு அரை விரல் திறந்திருந்தாலும் ஏசியை நிறுத்திவிடும் உணரி பல ஹோட்டல்களில் உண்டு. கதவை அழுத்தித் தாழிட்டுப் பாருங்கள். வாசலருகே உள்ள துளையில் அறைச் சாவி அட்டை செருகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொருவரின் அறையில் உருட்டு ஏசி. அதன் குழாயை ஜன்னல் இடைவெளியில் விட்டு, மீதி இடத்தைத் திறந்தே வைத்திருந்தார்கள். வெளி அனல் அப்படியே உள்ளே வரும். அந்த இடைவெளியில் குளியல் துண்டைச் சுருட்டி அடைக்கச் சொன்னேன். அன்றிரவு தூங்கினேன் என்று எழுதினார்.