சித்திரைத் தோரணம்: ஓலையிலும் மாவிலையிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சித்திரை ஒன்றாம் தேதி காலையில் பளிச்சென்று கட்டிய தோரணம், மத்தியானச் சாப்பாட்டுக்குள் சுருண்டு வாடித் தொங்குவதைப் பல வாசல்களில் பார்த்திருக்கிறேன். அடுத்த வருடம் அந்த வீடுகளில் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் மாவிலை ஏறிவிடுகிறது. எனக்கு அது வருத்தமாக இருக்கும். ஏனென்றால் கை வேலையில் பெரும்பாலும் குறை இருப்பதில்லை. ஓலையைக் காகிதம் மாதிரி நினைத்துவிடுகிறோம், அவ்வளவுதான். வெட்டிய பிறகும் ஓலை ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கும், வற்ற வற்றச் சுருங்கும். அதற்கேற்ற நேரத்தில் அதற்கேற்ற வேலையைச் செய்தால் போதும்.

முதல் தவறு மரத்திலேயே நடக்கிறது. வீட்டில் தென்னை நிற்கிறது, குருத்துக்கு எதற்குக் காசு என்று அரிவாளோடு ஏறுவார்கள். ஏறட்டும், ஆனால் எவ்வளவு ஆழத்தில் வெட்டுகிறோம் என்பது முக்கியம். தென்னைக்குக் கிளை கிடையாது. வளரும் நுனி ஒன்றே ஒன்றுதான், அது உச்சியில் மட்டைகளுக்கு நடுவே பொதிந்து கிடக்கிறது. நீளமான ஓலை வேண்டுமென்று அடிவரை வெட்டினால் அந்த நுனி காயப்படும். அது அழுகினால் மரமே போய்விடும். வெட்டுக்காயத்தின் வாடைக்குத் தென்னையைக் குடையும் சிவப்புக் கூன்வண்டும் வந்து சேரும். நன்றாகக் காய்க்கும் மரம் வருடத்துக்குச் சுமார் 12 முதல் 14 மட்டை விடும். ஒவ்வொரு மட்டையின் கக்கத்திலும் ஒரு பாளை வரும், அதுதான் தேங்காய்க் குலையாகும். அதனால் ஒரு மரத்தில் ஒரு குருத்துக்கு மேல் எடுக்காதீர்கள், அதையும் மேல்பாதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு வாசலுக்கு அதுவே தாராளம். பூச்சந்தையில் கட்டாக வாங்கினால் அடி வெட்டைப் பாருங்கள். பழுப்பேறிக் காய்ந்திருந்தால் வேண்டாம்.

அடுத்தது, வாங்கி வந்த குருத்தை வாளித் தண்ணீரில் முக்கி வைப்பது. இரவு முழுக்க ஊறினால் கறுப்புப் புள்ளி விழும், ஓலையும் வழவழவென்று ஆகிவிடும். ஈரத் துணியைப் பிழிந்து சுற்றி நிழலில் வைத்தாலே மறுநாள் வரை தாங்கும். ஓலையைப் பிரித்து வைக்கவும் கூடாது. விரியாத குருத்து தன்னைத் தானே மூடிக் காப்பாற்றிக்கொள்ளும். பின்னத் தேவையானதை மட்டும் அவ்வப்போது உருவிக்கொள்ளுங்கள்.

இப்போது பின்னல். நான் அதிகம் சொல்ல நினைப்பது இங்கேதான். கிளி, பந்து, நட்சத்திரம் எதுவானாலும் ஈர்க்கை நீக்கிய பிறகு கிடைக்கும் இரண்டு கீற்றும் ஒரே அகலமாக இருக்க வேண்டும். ஓலை அடியில் ஒரு அகலம், நுனியில் ஒரு அகலம். அப்படியே பின்னினால் ஒரு பக்கம் இறுகும், மறுபக்கம் வாய் பிளக்கும். நுனியைத் தாராளமாக நறுக்கி எறிந்துவிட்டு, நடுப்பகுதியை மட்டும் எடுத்து, ஒரு கீற்றை அளவாக வைத்து மற்றதை நகத்தால் கீறிச் சமப்படுத்துங்கள்.

ஒரே நாளுக்கான தோரணம் என்றால் பச்சை ஓலையிலேயே பின்னலாம். சித்திரை, வைகாசி முழுக்கத் தொங்க வேண்டும் என்றால் அது சரிவராது. பச்சையாக இறுக்கிப் பின்னிய கிளி ஒரு வாரத்தில் சுருங்கி, பின்னல் தளர்ந்து, அலகு தனியாக விழும். கீற்றுகளை முதலில் நிழலில் ஒன்றிரண்டு நாள் வாட விடுங்கள். பின்னும் முன் ஈரக் கையால் தடவிக்கொடுங்கள், மடக்கும்போது ஒடியாது. சுருங்க வேண்டியது முன்பே சுருங்கிவிட்டதால் பின்னல் அப்படியே நிற்கும். வெயிலில் வாட்டினால் நொறுங்கிப் போகும், நிழல்தான் சரி.

குருவித் தோரணம் கட்டுகிறவர்கள் எண்ணிக்கையைக் கவனிக்க வேண்டும். ஒரு ஓலையில் மடித்து எடுக்கும் குருவிகள் மங்கல நாளுக்கு நான்கு, துக்க வீட்டுக்கு மூன்று என்பது இலங்கைத் தமிழரிடம் உள்ள வழக்கம். வீடியோ பார்த்துக் கற்றவர்கள் அழகுக்காக மூன்றோடு நிறுத்திப் பண்டிகை வாசலில் தொங்கவிட்டால், பெரியவர்கள் முகம் மாறும். உங்கள் ஊர் வழக்கம் என்ன என்று வீட்டுப் பெரியவரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

மாவிலையில் எல்லாரையும் ஏமாற்றுவது செந்தளிர். பார்க்க அத்தனை அழகு, ஆனால் ஒரு மணி நேரத்தில் துவண்டுவிடும். கரும்பச்சை முற்றிய இலைதான் தாங்கும். காம்பை ஒடிக்கும்போது வடியும் பால் சிலருக்குத் தோலில் எரிச்சலும் புண்ணும் உண்டாக்கும். அதனால் பறித்ததும் கழுவி, பால் வடிய விட்டு, அப்புறம் குழந்தைகள் கையில் கொடுங்கள்.

ஸ்டேப்ளர் பின் வேண்டாம். ஈரத்தில் துருப்பிடித்து இலையில் கறை ஏற்றும். வாசற்படியில் விழுந்தால் வெறுங்காலில் குத்தும். பழைய விளக்குமாற்றில் இரண்டு ஈர்க்கை உருவி, விரல் நீளத்துக்கு ஒடித்துக்கொண்டால் ஊசியும் அதுவே, பின்னும் அதுவே. குருத்தின் ஈர்க்கு இதற்கு உதவாது, மெத்தென்று வளையும். இலையின் அடியைக் கயிற்றின் மேல் மடித்து ஈர்க்கால் ஒரு குத்து, அவ்வளவே. கயிறாக வாழைநார் நல்லது, பத்து நிமிடம் தண்ணீரில் நனைத்த பிறகு. காய்ந்த நாரில் முடிச்சுப் போட்டால் பட்டென்று அறும்.

கொன்றைச் சரத்தில் பூ மேலிருந்து கீழாக மலர்ந்துகொண்டு வரும். முழுக்க மலர்ந்த சரம் கட்டியதுமே உதிரத் தொடங்கும். நுனியில் பாதி மொட்டாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். வேப்பம்பூவை முந்தின நாளே பறிக்காதீர்கள்.

ஓலைக்கு நிறம் வேண்டும் என்று சிலர் பெயின்ட் தேடிப் போகிறார்கள். மஞ்சள் தண்ணீரில் தோய்த்தால் போதும், நல்ல நிறம் வரும். ஆனால் வெயில் பட்டால் மஞ்சள் வெளுத்துவிடும், நிழல் விழும் இடத்துக்கு மட்டும்தான் அது. ஈரமாகவே கட்டினால் சுவரில் ஒழுகும். சுண்ணாம்பு அடித்த சுவராக இருந்தால் அந்தக் கறை சிவந்து போகும். நன்றாகக் காய்ந்த பிறகு கட்டுங்கள்.

காய்ந்த ஓலை எவ்வளவு சீக்கிரம் பற்றும் என்பது அடுப்பெரித்தவர்களுக்குத் தெரியும். குத்துவிளக்குக்கு மேலேயும் சாமி படத்து அகலுக்குப் பக்கத்திலும் ஓலைக் கிளியைத் தொங்கவிடாதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

எடுத்து வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கிறிஸ்தவர்களின் குருத்தோலை ஞாயிறன்று கோவிலில் மந்திரித்துக் கொடுக்கும் ஓலையைச் சிலுவையாகப் பின்னி வருடம் முழுக்க வைத்திருக்கும் வீடுகள் உண்டு. அந்தப் பழைய ஓலையை எரித்த சாம்பல்தான் அடுத்த வருடம் சாம்பல் புதனன்று நெற்றியில் பூச. ஓலை அத்தனை மாதம் இருக்கும், முழுக்கக் காய்ந்த பிறகு வைத்தால். அரைகுறை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் ஒரு வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். செய்தித்தாளில் சுற்றி, காற்றாடும் பரணில் வையுங்கள்.

மாவிலையைச் சேமிக்க வேண்டாம். சருகானதும் கழற்றிவிடுங்கள். ஈர்க்கும் வாழைநாரும் என்றால் தோரணத்தை அப்படியே சுருட்டிச் செடி மூட்டில் போட்டுவிடலாம். ஸ்டேப்ளர் பின் அடித்திருந்தால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டியிருக்கும்.