வாரண்ட் இல்லாமல் போலீஸ் வாசலுக்கு வந்தால்: நாம் செய்யும் தவறுகள்

"சும்மா ஒரு விசாரணைதான், ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போங்க." வாசலில் நின்று போலீஸ்காரர் இதைச் சொன்னதும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறோமே, அதுதான் முதல் தவறு. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் ஒரு கோயில் காவலாளியை, நகை காணாமல் போன புகாருக்காக, விசாரணைக்கு என்றுதான் கூட்டிப்போனார்கள். அவர் உயிரோடு திரும்பவில்லை. அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து, கீழே இருப்பதை என் வீட்டுப் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வந்திருப்பவர் யார், எந்த ஸ்டேஷன் என்று தெரிந்துகொண்டதும் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: "சார், விசாரணைக்கு வந்திருக்கீங்களா, கைது பண்ணவா, வீட்டைச் சோதனை போடவா?" மூன்றுக்கும் சட்டம் தனித்தனி. எதற்கு வந்திருக்கிறார்கள் என்று தெரியாவிட்டால் நம் உரிமை எது என்றும் தெரியாது. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. நான் சொல்லும் பிரிவு எண்கள் இந்தப் புதிய சட்டத்தில் உள்ளவை.

விசாரணை என்றால், சாட்சியாக ஒருவரை அழைக்க எழுத்தில் உத்தரவு வேண்டும் என்கிறது 179-ஆம் பிரிவு. பெண்கள், 15 வயதுக்குக் கீழோ 60 வயதுக்கு மேலோ உள்ள ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயாளிகள் ஆகியோரை அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். தாமாக விரும்பினால் ஸ்டேஷனுக்குப் போகலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. சங்கடப்பட்டுக்கொண்டு "சரி சார், வர்றோம்" என்று சொன்னால், விரும்பி வந்ததாகவே அது கணக்காகிவிடும். ஒடிசாவின் முன்னாள் முதலமைச்சர் நந்தினி சத்பதியையே ஸ்டேஷனுக்கு வரச்சொன்னார்கள். பெண்ணை அப்படி அழைத்தது தவறு என்று 1978-இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. முன்னாள் முதலமைச்சருக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு, காய்கறி விற்கும் அக்காவுக்கும் உண்டு.

நம் மீதே சந்தேகம் என்றால், ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது செய்யக்கூடாது. கைதுக்கு அவசியம் இல்லாதபோது 35(3)-இன் கீழ் நோட்டீஸ் கொடுத்துத்தான் அழைக்க வேண்டும். அந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் முறையாக வந்த நோட்டீஸைக் கிடப்பில் போடுவது பெரிய தவறு. ஆஜராகாமல் இருந்தால் அதையே காரணமாகக் காட்டிக் கைது செய்யலாம்.

கைது என்று சொன்னால் "வாரண்ட் எங்கே?" என்று வாசலை மறிக்கக்கூடாது. சினிமா பார்த்து நாம் கற்றுக்கொண்ட தவறான பாடம் அது. கொலை, கொள்ளை, திருட்டு போன்ற குற்றங்களில் போலீஸ் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். கையை ஓங்கினாலோ தள்ளினாலோ, பணி செய்யவிடாமல் தடுத்ததாக இன்னொரு வழக்கும் சேரும். கையைக் கட்டிக்கொண்டு வாயால் கேளுங்கள். என்ன காரணத்துக்காகக் கைது என்று சொல்லியே ஆக வேண்டும். பெயர் தெளிவாகத் தெரியும் பட்டை அணிந்திருக்க வேண்டும், மஃப்டியில் வந்திருந்தாலும் சரி. கைது குறிப்பாணை எழுதி, குடும்பத்தில் ஒருவரிடமோ தெருவில் மதிப்புள்ள ஒருவரிடமோ சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும். பெயர்ப் பட்டை, குறிப்பாணை இரண்டையும் 1996-இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்துக் கொடுத்தது. இன்று 36-ஆம் பிரிவில் சட்டமாகவே இருக்கிறது. குறிப்பாணையில் எழுதியிருக்கும் நேரத்தைப் பாருங்கள். காலை ஆறு மணிக்கு அழைத்துப் போய்விட்டு மாலை ஆறு என்று எழுதினால், மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டிய 24 மணி நேரக் கணக்கில் பன்னிரண்டு மணி நேரம் காணாமல் போய்விடும்.

சூரியன் மறைந்த பிறகு, விடிவதற்கு முன் பெண்களைக் கைது செய்யக்கூடாது. தவிர்க்க முடியாத சூழல் என்றால் பெண் போலீஸ் அதிகாரி எழுத்தில் அறிக்கை கொடுத்து, மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வாங்கியிருக்க வேண்டும்.

சோதனையில்தான் வீட்டுக்காரர்கள் அதிகம் கோட்டை விடுகிறார்கள். பயத்தில் எல்லாரும் கூடத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுவார்கள். உள்ளறையில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. வாரண்ட் இல்லாமல் சோதனை போட 185-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் ஏன் அவசரம், எதைத் தேடுகிறோம் என்று அதிகாரி முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். அதன் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். 103-இன்படி அக்கம்பக்கத்தார் இரண்டு பேராவது சாட்சியாக இருக்க வேண்டும், வீட்டுக்காரரும் கூடவே இருந்து பார்க்கலாம். பெண்ணைச் சோதிக்க இன்னொரு பெண்தான் வேண்டும். சோதனை முழுவதையும் வீடியோ எடுப்பது 105-ஆம் பிரிவுப்படி இப்போது கட்டாயம். ஒவ்வோர் அறைக்கும் கூடவே போங்கள். எடுத்துப்போகும் பொருள்களின் பட்டியலோடு மகஜர் (சோதனையில் நடந்ததைச் சாட்சிகள் முன் எழுதும் ஆவணம்) நகலைக் கேட்டு வாங்குங்கள்.

பக்கத்து வீட்டுக்குப் போலீஸ் வந்தால் நாம் கதவைச் சாத்திக்கொள்கிறோம். இதை எழுதும்போது எனக்கு மனசு வலிக்கிறது. அந்தத் தெருவிலிருந்து இரண்டு சாட்சி வேண்டும் என்று சட்டமே சொல்லும்போது, அந்த இரண்டு பேர் நாமாக இருக்கலாம். எழுத்தில் அழைத்தும் காரணமில்லாமல் வர மறுப்பது குற்றமும்கூட.

கையெழுத்து விஷயத்தில் உறுதியாக இருங்கள். கைது குறிப்பாணையிலும் மகஜரிலும் படித்துப் பார்த்துவிட்டுப் போடலாம். விசாரணையில் நீங்கள் சொன்னதைப் போலீஸ் எழுதிக்கொண்டால் அதில் கையெழுத்து வாங்கவே கூடாது என்கிறது 181-ஆம் பிரிவு. வெள்ளைத்தாளில் எந்தக் காரணம் சொன்னாலும் போடாதீர்கள். நம்மையே வழக்கில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம், அரசியலமைப்பின் 20(3) அந்த உரிமையைத் தருகிறது. தப்பிப்பதற்காகப் பொய் சொல்வதற்கு எந்தப் பிரிவும் துணை வராது.

கூட்டிப்போய்விட்டார்கள் என்றால், அழுகையை அடக்கிக்கொண்டு ஒரு தாளில் நேரம், வண்டி எண், வந்தவர்கள் பெயர், எந்த ஸ்டேஷன் என்று எழுதி வையுங்கள். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். வக்கீலுக்கு வசதி இல்லையென்றால் 15100 என்ற இலவசச் சட்ட உதவி எண்ணை அழைக்கலாம். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் வக்கீல் தர வேண்டும். ஆள் எங்கே என்றே தெரியவில்லை என்றால், சென்னையிலோ மதுரையிலோ உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். அதற்கு முன்பே, அன்று இரவே, எஸ்.பி. அல்லது கமிஷனர் அலுவலகத்துக்கு நடந்ததை நான்கு வரியில் மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். எத்தனை மணிக்குக் கூட்டிப்போனார்கள் என்று பிறகு ஒரு வாதம் வந்தால், அந்த மின்னஞ்சலில் பதிந்திருக்கும் நேரம் உங்கள் பக்கம் பேசும்.